சும்மா பார்க்க வந்தவர்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புனேயில் கணபதி பந்தல்களைப் பிரித்துக்கொண்டிருந்த சமயத்தில் நடந்தது இது.

நான் பிறந்து வளர்ந்தது கோயம்புத்தூர். கல்யாணமாகி வந்ததிலிருந்து புனேயில் ஹடப்சர் பக்கம்தான். மகர்பட்டாவில் ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் கிளையில் கம்ப்யூட்டர் பிரிவை நடத்துவது என் வேலை. மருந்துகளைக் குளிர்பதனக் கிடங்குகளில் வைத்துப் பல நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிற கம்பெனி அது. எந்தக் கிடங்கில் எந்த மருந்து இருக்கிறது, யாருக்கு எப்போது போக வேண்டும் என்பதையெல்லாம் கவனிக்கிற பெரிய சிஸ்டம் ஒன்று உண்டு. அதை உருவாக்கி நடத்தி வந்தவர்கள் ஐரோப்பாவில் தலைமை அலுவலகத்து ஆட்கள். கிடங்குகளிலிருந்து ஏதாவது கோளாறு என்று புகார் வந்தால் முதலில் வாங்கிப் பார்ப்பது மட்டும் நாங்கள். முடிந்ததைச் சரிசெய்வோம், முடியாததை அவர்களுக்குத் தள்ளிவிடுவோம்.

ஒரு நாள் பெங்களூரிலிருந்து என் மேலதிகாரி போன் செய்தார். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வருகிறார், ஆறு வாரம் உங்கள் பிரிவோடு உட்கார்ந்திருப்பார், என்ன கேட்டாலும் கொடுங்கள் என்றார். எதற்காக வருகிறார் என்று கேட்டேன்.

"சும்மா பார்க்கத்தான்" என்றார்.

இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்ததில், விமான டிக்கெட் போட்டு யாரும் சும்மா பார்க்க வந்து நான் கண்டதில்லை. அதுவும் ஆறு வாரம். போனை வைத்த பிறகும் அந்த வார்த்தை காதிலேயே நின்றது.

என் உதவி மேனேஜரிடம் சொன்னேன். கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலைக்கென்று வந்து அங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவளுடையது. அவள் தாத்தா காலத்திலிருந்து இங்கேதான். தமிழ் எழுதப் படிக்க வராது, பேசுவதிலும் பாதி இந்தி கலந்துவிடும். எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால், தனியாக இருக்கும்போது என்னை அக்கா என்பாள். நாலு பேர் இருந்தால் மேடம்.

"அக்கா, இது டீக் இல்ல" என்றாள். "என் பழைய கம்பெனியில இப்படித்தான் ஒருத்தர் வந்தார். கேன்டீன்ல எல்லாரோடயும் உக்காந்து மிசல் சாப்பிட்டார். எல்லாரையும் நிக்க வச்சு போட்டோ எடுத்தார். நல்ல மனுஷன்னு நெனச்சோம். கொஞ்ச மாசம் கழிச்சு ஒரு காலையில போறோம், கேட்ல கார்டு வேலை செய்யல. செக்யூரிட்டி எங்க மூஞ்சியப் பார்க்காம, உள்ள இருக்கற உங்க சாமானை வாங்கிக்க அப்புறமா வாங்கன்னு சொல்றான்."

 

அந்த அம்மா வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. உயரம். குட்டையாக வெட்டிய நரைமுடி. தனி அறை ஏற்பாடு செய்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு எங்கள் நடுவிலேயே ஒரு மூலை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதல் நாளே ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு, சரியாக உச்சரிக்கும்வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அது எங்களுக்கு மரியாதையாகத் தோன்றியிருக்க வேண்டும். எங்களுக்கோ போலீஸ்காரர் முகவரி விசாரிக்கிற மாதிரி இருந்தது.

அவர் கேட்ட கேள்விகள் அப்படி. "இந்த வேலை உங்களைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?" "நீங்கள் ஒரு மாதம் வராவிட்டால் யார் பார்ப்பார்கள்?" "இதைக் கற்றுக்கொள்ள உங்களுக்கு எத்தனை நாள் ஆயிற்று?" ஆளைக் குறைக்க வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவர் செய்வதை இன்னொருவர் செய்ய முடியும் என்று தெரிந்தால், அந்த இரண்டு பேரில் ஒருவர் எதற்கு?

போதாக்குறைக்கு அவருக்கு அடிக்கடி போன் வரும். வந்ததும் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுவார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரம் பேசுவார். அவர்கள் மொழி எங்களுக்குப் புரியாது. நடுநடுவே 'புனே' என்கிற வார்த்தை மட்டும் வந்து விழும். யாராவது டீ குடிக்க அந்தப் பக்கம் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அப்புறம், பழைய புகார்களையெல்லாம் பார்க்க அனுமதி வேண்டும் என்றார். மேலிடத்து உத்தரவு, மறுக்க முடியாது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவர் எதைத் திறக்கிறார், எதைப் பார்க்கிறார் என்பது எனக்கும் தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்துகொண்டேன். எங்கள் பிரிவுக்கு அந்த அதிகாரம் உண்டு, விதிக்குப் புறம்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளி தூங்குகிறாரா என்று கதவிடுக்கில் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. அவர் வருஷக்கணக்கான புகார்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்துக்கொண்டிருந்தார். யார் சரிசெய்தது, என்ன எழுதி வைத்தார்கள், எத்தனை நேரம் எடுத்துக்கொண்டார்கள், எல்லாம்.

"குறிச்சு வைக்கிறாங்க அக்கா, யாரை வெட்டணும்னு" என்றாள் என் உதவி மேனேஜர்.

எங்கள் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். நாசிக் பக்கத்துப் பெண், ரொம்பக் கெட்டிக்காரி. அப்போது மாசமாக இருந்தாள். விஷயம் எனக்கும் என் உதவி மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். இந்த அம்மா கிளம்பும்வரை ஆபீஸில் சொல்ல வேண்டாம் என்று பயந்து, தொளதொளவென்று குர்த்தா போட்டுக்கொண்டு வந்து போய்க்கொண்டிருந்தாள். ஒரு நாள் மத்தியானம் அந்த அம்மா என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பெண் அடுத்த வருஷம் வேலையில் இருப்பாளா?"

"ஏன் இருக்க மாட்டாள்?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு எல்லோரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், தானாக எதையும் விளக்க வேண்டாம் என்றேன். பொய் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் வந்து உட்கார்ந்தால் என் ஆட்கள் பாதி பதில் சொன்னார்கள். பளிச்சென்று வேலை செய்கிறவர்கள்கூட, "அது கொஞ்சம் சிக்கல், சொன்னால் புரியாது" என்று மழுப்பினார்கள். அவரவர் வேலையை அவரவர் கைக்குள் மூடிக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டு மேஜைக்கு அவர் தட்டோடு வந்தால் பேச்சு நின்றுவிடும். அவரும் அதைக் கவனித்தார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்தார்.

நாலு வாரம் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை அவர், ஊருக்கு வாங்கிப் போகப் பித்தளை, செம்புச் சாமான் நல்லதாக எங்கே கிடைக்கும் என்று கேட்டார். துளசிபாக் என்றேன். வழி தெரியாதே என்றார். என் வாயிலிருந்து, ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன் என்று வந்துவிட்டது. அன்பினால் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். தனியாகப் பேச்சுக் கொடுத்தால் ஏதாவது வெளியே வரும் என்று ஒரு கணக்கு. வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

"அவங்க உன்கிட்ட விஷயம் கறக்க வர்றாங்களோ என்னமோ. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வேவு பார்க்கப் போறீங்க. பர்ஸை மட்டும் பத்திரமா வச்சுக்கங்க, அங்க கூட்டம் ஜாஸ்தி."

துளசிபாக் சந்துகளைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வளையல் கடை, பூஜைச் சாமான் கடை, ஹேர்பின் கடை எல்லாம் தாண்டி ஒரு பாத்திரக் கடைக்குக் கூட்டிப் போனேன். அவர் நிறையப் பார்த்துவிட்டு, கடைசியில் செம்பு டம்ளர்கள் ஏழு எடுத்தார். ஒரே மாதிரி ஏழு. கடைக்காரர், பெயர் வெட்டித் தரட்டுமா என்று கேட்டார். நம் ஊர் மாதிரியே இங்கேயும் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருவார்கள், சின்ன மெஷினை வைத்துக்கொண்டு கிர்ரென்று. நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிச் சொன்னார். எல்லாம் அவர் ஊர்ப் பெயர்கள். கடைக்காரர் வெட்ட வெட்ட, குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றில் ஒரு எழுத்து தப்பாகிவிட்டது. யார் கவனிக்கப் போகிறார்கள் என்கிற மாதிரி கடைக்காரர் கையை விரித்தார். அந்த அம்மா அதை ஓரமாக வைத்துவிட்டு, புதிதாக இன்னொன்று எடுத்து அந்தப் பெயரை மறுபடி வெட்டச் சொன்னார்.

"விசேஷ நாள் ஏதாவது போடணுமா?" என்று கடைக்காரர் இந்தியில் கேட்டார். கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு வாங்குகிறவர்கள் தேதியும் போடுவார்கள் இல்லையா. நான் அதையும் மொழிபெயர்த்தேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். அப்புறம் ஒரு தேதி சொன்னார். அடுத்த வருஷம் மார்ச் மாதத்தின் கடைசி நாள். எல்லா டம்ளரிலும் அதே தேதி.

அந்த நாளில் என்ன விசேஷம் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தம் நின்றதும் சொன்னார்.

"அன்றைக்குத்தான் எங்கள் எல்லோருக்கும் கடைசி வேலை நாள். எனக்கும் சேர்த்து."

எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் ஒரு கரும்புச்சாறு கடை இருந்தது, அங்கே போய் உட்கார்ந்தோம். என்னிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது, வாய் தவறிவிட்டது என்று ஆரம்பித்து, பிறகு முழுக்கச் சொன்னார். அங்கே அவருடைய பிரிவை மூடுகிறார்கள். அந்தப் பெரிய சிஸ்டத்தை வேறு நாட்டுக் கிளைக்கு மாற்றப் போகிறார்கள். ஒன்று புனே, இல்லையென்றால் இன்னொரு நாட்டில் இருக்கிற எங்கள் கம்பெனியின் வேறொரு கிளை. எது என்று பார்த்துச் சொல்லத்தான் அவரை அனுப்பியிருக்கிறார்கள். அதாவது, தன் வேலையை யாரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பார்க்க, அவரையே.

"உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது. அறிவிக்கும்வரை சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஆனால் சந்தேகப்படுகிறார்கள். புனேயில் என்ன செய்கிறாய், எங்களிடம் எதை மறைக்கிறாய் என்று மாற்றி மாற்றி போன் செய்கிறார்கள். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்."

மொட்டைமாடியில் முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பேசியது இதைத்தான்.

"நீங்கள் ஏன் ஒத்துக்கொண்டீர்கள்? முடியாது என்று சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தால் வேறு ஒருவர் வந்திருப்பார். மூன்று நாளில் பார்த்துவிட்டுப் போயிருப்பார். அப்புறம் ஏதோ ஒரு ஊரில் ஒரு ஆஸ்பத்திரி மருந்துக்காகக் காத்துக்கொண்டிருக்கும், எங்கே தடைப்பட்டது என்று கண்டுபிடிக்க யாருக்கும் தெரியாது. நாங்கள் ஏழு பேரும் பாதி ஆயுளை அதில் போட்டிருக்கிறோம். கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றால், ஒழுங்காகக் கொடுத்துவிட்டுப் போகிறேன்."

கரும்புச்சாற்றை அவர் தொடவே இல்லை. பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உங்கள் ஆட்கள் எழுதி வைத்த பழைய புகார்களை எல்லாம் படித்தேன். நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியது. ஆனால் நேரில் கேட்டால் ஒன்றும் தெரியாத மாதிரிப் பேசுகிறார்கள். நான் எதை நம்புவது? இரண்டு வாரத்தில் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இதுவரை நேரில் பார்த்ததை வைத்து எழுதினால், புனே தயாராக இல்லை என்றுதான் எழுத முடியும்."

மாசமாக இருந்த பெண்ணைப் பற்றியும் அப்போதுதான் சொன்னார். இந்த வேலைக்கு அவள்தான் சரி என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அவருக்கே இரண்டு பிள்ளைகள், பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். அவள் லீவில் போகிற சமயம் வேலையை மாற்றினால் அவளுக்கு வாய்ப்புப் போய்விடும், அதற்குத் தகுந்த மாதிரி தேதியை வைக்கலாமா என்று யோசித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இது நாடகமாக இருக்குமோ என்று ஒரு எண்ணம் வந்தது. வாயைத் திறக்காத ஆட்களைத் திறக்க வைக்க இதைவிட நல்ல கதை உண்டா? எங்களிடம் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு, அந்த இன்னொரு கிளைக்குக் கொடுத்துவிட்டால்? யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது? மேலதிகாரியிடம் கேட்டால், யார் சொன்னது என்பார். அந்த அம்மாவின் தலை உருளும். வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

கடைசியில் என்னைத் தீர்மானிக்க வைத்தது அந்த ஒரு எழுத்துதான். தப்பாகிப்போன அந்த டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்றது கண்ணிலேயே இருந்தது. நடிக்கிறவர்கள், தூர தேசத்தில் இருக்கிற ஒருவர் பெயரில் ஒரு எழுத்துக்காக அந்த வெயிலில் அப்படி மல்லுக்கட்டி நிற்க மாட்டார்கள்.

திங்கள்கிழமை எல்லோரையும் கூப்பிட்டேன். நான் முன்பு சொன்னதை மறந்துவிடுங்கள், அவர் கேட்பதற்கு முழுசாகப் பதில் சொல்லுங்கள், தெரிந்ததையெல்லாம் காட்டுங்கள் என்றேன். ஏன் இந்த மாற்றம் என்று யாரும் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பிரிவில் ஒருவரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை துளசிபாக்கில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது. என் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்றிலிருந்து சந்தேகம் என் பக்கம் திரும்பியது. நான் கேன்டீனுக்குப் போனால் பேச்சு நின்றது. இதுவரை அந்த அம்மாவுக்கு நடந்தது இப்போது எனக்கு. மேனேஜர் தன்னுடைய நாற்காலியைக் காப்பாற்றிக்கொண்டார், நம்மை விற்றுவிட்டார் என்று நினைத்தார்கள். யாரும் நேரில் சொல்லவில்லை. ஆனால் காலையில் குட்மார்னிங் சொல்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஒன்று என்னைக் குத்தியது. என் உதவி மேனேஜர் என்னிடம் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டாள். தனியாக இருக்கும்போதுகூட இந்தி. அதுவும் வேலையைப் பற்றி மட்டும். 'அக்கா' போயே போய்விட்டது.

புதன்கிழமை சாயந்திரம் பார்க்கிங்கில் தன் ஸ்கூட்டியின் மேல் சாய்ந்துகொண்டு எனக்காகக் காத்திருந்தாள். ஹெல்மெட் கையில் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றாள். தமிழில்தான் கேட்டாள். "எங்க வேலை போகப் போகுதா? ஆமா, இல்ல, அவ்வளவு போதும்."

இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது முடிவாகாத விஷயம். அதோடு, அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மீதியும் வெளியே வந்துவிடும். என்னை நம்பிச் சொன்னவருக்கு அது துரோகம்.

"என்னால சொல்ல முடியாது" என்றேன். "தெரியாதுன்னு சொல்லல. சொல்ல முடியாது. ஆனா உனக்கு ஒண்ணு சொல்றேன். அவங்களுக்குத் தெரிஞ்சதை எல்லாம் நாம கத்துக்கணும். நமக்குத் தெரிஞ்சதை எல்லாம் அவங்க பார்க்கணும். ஏன்னு கேக்காத."

அவள் ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள். பக்கத்தில் யாரோ வண்டியை எடுக்க வந்ததும், நகர்ந்து வழிவிட்டு, மறுபடி வந்து நின்றாள்.

"அந்தக் கம்பெனியில எங்க மேனேஜரும் இப்படித்தான் சொன்னார், சொல்ல முடியாதுன்னு. ஆனா அவர் தரையைப் பார்த்து சொன்னார்." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "சலோ, பார்க்கறேன் அக்கா."

அவ்வளவுதான். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் வந்ததும் அவள் தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நேராக அந்த மூலைக்குப் போனாள். எல்லோரும் பார்க்க அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்கள் சிஸ்டத்தில் ஒரு இடம் இருக்கிறது. அங்கே எது நடந்தாலும் எங்களுக்குப் புரிவதில்லை, ஒவ்வொரு தடவையும் உங்களுக்கே தள்ளிவிடுகிறோம். அதைக் கொஞ்சம் சொல்லித் தருகிறீர்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். அன்று இரண்டு பேரும் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் இன்னும் இரண்டு பேர் நாற்காலியை இழுத்துக்கொண்டு போனார்கள். வாரக் கடைசியில் நாசிக் பெண் தானாகவே போய்த் தன் விஷயத்தைச் சொன்னாள். அவர் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டதை நான் என் மேஜையிலிருந்து பார்த்தேன்.

மீதி நாட்களில் என் ஆட்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்பதை நானே புதிதாகப் பார்த்தேன் என்று சொல்லலாம். அவர் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் அறிவிப்பு வந்தது. வேலை புனேவுக்கு. மேலதிகாரி திரையில் வந்து எல்லோருக்கும் வாழ்த்துச் சொன்னார். யாரோ போய்ப் பேடா வாங்கி வந்தார்கள், ஒரே கைதட்டல். என் உதவி மேனேஜர் கையில் பேடாவை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்க இருக்கறவங்க?" என்று கேட்டாள்.

"மூடறாங்க."

"அவங்களும் போறாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"வரும்போதே தெரியுமா அவங்களுக்கு?"

மறுபடியும் தலையை ஆட்டினேன். அவள் பேடாவைப் பெட்டியிலேயே திருப்பி வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

ஜனவரியிலிருந்து தினமும் வீடியோவில் வேலையைக் கைமாற்றிக்கொண்டோம். அங்கே திரையில் அந்த ஏழு பேரின் பெயர்கள். துளசிபாக்கில் டம்ளர்களில் வெட்டும்போது நான் பார்த்த பெயர்கள். ஆரம்பத்தில் அவர்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். அது சிக்கல், சொன்னால் புரியாது என்று ஒருவர் மழுப்பினார். இன்னொருவர் கேமராவையே போடவில்லை. எங்கள் ஆட்களுக்குக் கோபம் வந்தது. மறைக்கிறார்கள் மேடம், வேண்டுமென்றே செய்கிறார்கள் என்றார்கள்.

"விடுங்க" என்றாள் என் உதவி மேனேஜர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இந்தியில். "நாம செய்யாததையா அவங்க செய்யறாங்க?"

அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அந்த அம்மா எல்லாக் கூட்டத்திலும் இருந்தார். தன் ஆட்கள் பாதியில் நிறுத்தியதை அவர் எடுத்து முடிப்பார். கொஞ்சம் கொஞ்சமாக அவர்களும் பேச ஆரம்பித்தார்கள். கேமரா போடாதவர் பிப்ரவரியில் போட்டார்.

கடைசி நாளும் வந்தது. எல்லாம் முடிந்துவிட்டது, ஒப்புக்கு ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். அந்த அம்மா, வேறு ஏதாவது கேள்வி உண்டா என்று கேட்டார். இங்கே யாரும் பேசவில்லை. அங்கேயும் பேசவில்லை. இன்னும் ஒரு நொடி போனால் அவர் கூட்டத்தை முடிக்கிற பட்டனை அழுத்திவிடுவார், அவ்வளவுதான் என்கிற நேரத்தில் என் உதவி மேனேஜர் கையைத் தூக்கினாள். கிடங்கிலிருந்து ஒரு ஆர்டர் வந்து நின்றுவிட்டால் முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்று கேட்டாள். எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவருக்குக்கூடப் பதில் தெரிந்த கேள்வி அது. அவளே பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்தது.

அந்த அம்மாவுக்கும் அது தெரியும். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து, ஒன்றையும் விடாமல், பொறுமையாகச் சொன்னார். அவருடைய ஆட்களும் ஒருவர் மாற்றி ஒருவர் இடையில் சேர்ந்துகொண்டார்கள். நாங்கள் எல்லோரும் முதல் தடவை கேட்பவர்கள் மாதிரி கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

மேலிடத்திலிருந்து யாராவது வந்து கேள்வி கேட்டால் இன்றும் எனக்குச் சந்தேகம் வரத்தான் செய்கிறது, அது என்னைவிட்டுப் போகவில்லை. ஆனால் இவர் நம்மிடமிருந்து எதை எடுத்துப் போக வந்திருக்கிறார் என்று நினைக்கும்போதே, வரும் வழியில் இவர் எதை இழந்துவிட்டு வந்திருப்பாரோ என்றும் மனசு கேட்கிறது, அதற்குப் பிறகு என்னால் யாருக்கும் பாதி பதில் சொல்ல முடிவதில்லை.